சல்சா அறிந்த ஒயின்

கலிபோர்னியாவின் சாதாரண மெக்சிகன் உணவகத்தில் ஒயின் பட்டியலைத் தேடினால், அது பெரும்பாலும் உணவு அட்டையின் கடைசி மூலையில், குளிர்பானங்களுக்குக் கீழே இருக்கும். இரண்டே வரி: ஹவுஸ் ரெட், ஹவுஸ் ஒயிட். எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு, யார் செய்தது என்ற விவரம் இராது. கேட்டால் பரிமாறுபவர் கொஞ்சம் வியப்போடு பார்ப்பார். பியர் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று அன்போடு திசைதிருப்பவும் செய்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹவுஸ் ரெட் என்பது அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் நாள்முழுக்கச் சூடேறிக் கிடக்கும் ஒரு கபர்னே சாவிஞோன். ஹவுஸ் ஒயிட் என்பது ஐஸ் பெட்டியின் அடியில் பல் கூசும் குளிரில் கிடக்கும், ஓக் மர வாசனை தூக்கலான ஒரு ஷார்டனே. இரண்டில் எதைக் குடித்தாலும் டாக்கோவின் ருசி குறையும்.

ஆனால் லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இப்போது சில டாக்கோ கடைகளில் இந்த இரண்டு வரி ஆறாக, எட்டாக வளர்ந்திருக்கிறது. எனக்குப் பிடித்தவை இந்தச் சின்னப் பட்டியல்கள்தாம். நூற்றுக்கணக்கில் புட்டி அடுக்கிய பெரிய உணவகத்தில் பத்துத் தேர்வு தப்பினாலும் யார் கண்ணிலும் படாது. ஆறில் ஒன்று தப்பினால் பட்டியலே நொண்டும். அந்த ஆறையும் எடுத்தவர் தன் கடைச் சல்சாவைத் தொட்டு நக்கிவிட்டு எடுத்தாரா, விநியோகஸ்தர் நீட்டிய விலைத்தாளைப் பார்த்து எடுத்தாரா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். டாக்கோ கடை ஒயினின் தரத்தை அளக்க இதற்கு மேல் ஓர் அளவுகோல் தேவையில்லை என்பது என் கட்சி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலிபோர்னியாவில் மது பரிமாற உணவகங்கள் வாங்கும் உரிமங்களில் இரண்டு முக்கியமானவை. 47-ஆம் வகை உரிமம் இருந்தால் டெகிலா, மெஸ்கால் உட்பட எதையும் ஊற்றலாம். ஆனால் மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப அதன் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், பெருநகரங்களில் அது கைமாறும் விலை பல பதினாயிரம் டாலர். 41-ஆம் வகையோ மலிவு. பியரும் ஒயினும் மட்டும் விற்கலாம். சிறு கடைக்காரர் இரண்டாவதைத்தான் வாங்குகிறார். டெகிலா இல்லாமல் மார்கரீட்டா கேட்பவரை எப்படிச் சமாளிப்பது? ஆனைக்கற்றாழை இனமான அகாவேயிலிருந்து செய்யும் 'அகாவே ஒயின்' என்றொரு சரக்கு இதற்கென்றே விற்கிறது. அதில் எலுமிச்சையைப் பிழிந்து, கோப்பை விளிம்பில் உப்பைத் தடவி மார்கரீட்டா என்று கொடுத்துவிடுகிறார்கள். ஆக, ஒயினுக்கான உரிமம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. அதை வைத்துக்கொண்டு ஒயினைத் தவிர எல்லாம் நடக்கிறது.

காரத்துக்கும் ஒயினுக்கும் ஆகாது என்ற நம்பிக்கைதான் இதற்குப் பாதிக் காரணம். அந்த நம்பிக்கைக்கு உடற்கூற்று ஆதாரமும் உண்டு. மிளகாயின் கேப்சைசின் நம் நாக்கில் தொடுவது சுவை அரும்பை அல்ல, சூட்டை உணரும் ஏற்பியை. சாதாரணமாக ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸில் விழித்துக்கொள்ளும் இந்த ஏற்பியை மதுவின் எத்தனாலும் சீண்டுகிறது. அது பட்டால் உடல் வெப்பத்துக்கும் குறைவான சூட்டிலேயே ஏற்பி 'சுடுகிறது' என்று கத்தத் தொடங்கும். எனவே 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு ஸின்ஃபண்டெல் காரத்தை அணைக்காது, ஊதிவிடும். கபர்னேயின் டானின் கொண்டுவரும் துவர்ப்பு, ஏற்கெனவே எரியும் நாக்கை உலர்த்தி இழுக்கும். ஓக் பீப்பாயின் கசப்பு அதற்கு மேல் ஏறி உட்காரும். ஹவுஸ் ரெட் தோற்கும் இடம் இதுதான். அதைக் குடித்துவிட்டு ஒயினே ஆகாது என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தாண்டாதது, புளிப்பு துடியாக இருப்பது, துவர்ப்பு மிகக் குறைந்தது, முடிந்தால் ஒரு துளி இனிப்பு மிச்சமிருப்பது, எதுவானாலும் குளிர்ச்சியாக வருவது. இவ்வளவுதான் தேவை. இதில் புளிப்பைப் பற்றி மட்டும் தனியாக ஒரு சொல். மெக்சிகன் தட்டில் எலுமிச்சை இல்லாத பண்டம் அரிது. உணவு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் தண்ணீராகிவிடும். ஆகவே தனியாகக் குடிக்கும்போது கொஞ்சம் அதிகம் புளிக்கிறதே என்று தோன்றும் ஒயின்தான் இங்கே சரியாக உட்காரும்.

மிளகாயின் தாய்நாடு மெக்சிகோ. அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நம் அடுப்படிக்கு வந்து, மிளகின் இடத்தைப் பிடித்து, ஐந்நூறு ஆண்டுக்குள் நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒயின் இலக்கணம் உருவானதோ வெண்ணெயும் மிளகும் பரிமாறிய மேசைகளில். அதனால்தான் அந்த இலக்கணப் புத்தகங்கள் 'காரமான உணவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மணம் தூக்கலான வெள்ளை ஒயின் கெவூர்ஸ்டிராமினர் குடி என்று அனுப்பிவிடுகின்றன. நமக்குத் தெரியும், காரம் ஒன்றல்ல. பச்சைமிளகாயைக் கீறிப் போட்ட மோரின் காரம் வேறு, வறுத்த வற்றலின் காரம் வேறு. மெக்சிகர்கள் இதை ஒரு சாத்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். ஹலபேனோவைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிப்போட்லே. பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. மிராசோல் காய்ந்தால் குவாஹீயோ. பச்சையாக இருந்தபோது புல்லும் தழையுமாக மணந்தது, காய்ந்தபின் உலர்திராட்சையும் புகையிலையுமாக மணக்கும்.

ஒயின் தேர்வின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற பழைய சூத்திரம் டாக்கோ கடையில் செல்லாது. பார்க்கவேண்டியது சல்சாவை. உமியுறைக்குள் விளையும் புளிப்பான டொமாட்டியோவும் செர்ரானோ மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்த பச்சைச் சல்சா வந்தால், உள்ளே பன்றி இறைச்சியே இருந்தாலும் சாவிஞோன் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயின் கூடும். அந்தத் திராட்சையிலும் பச்சைக் குடைமிளகாயிலும் பைரசின் வகையைச் சேர்ந்த ஒரே மணப்பொருள்கள் இருக்கின்றன. மூக்கு இரண்டையும் உறவென்று கண்டுகொள்கிறது. காய்ந்த மிளகாயை வறுத்து அரைத்த சிவப்புச் சல்சா வந்தால், மீனே ஆனாலும் லேசான கிரெனாஷ் ரோசேக்கு வழிவிடலாம்.

இனி தட்டு தட்டாகப் பார்க்கலாம். பாஹா கலிபோர்னியா மாநிலத்து எந்செனாடா நகரின் மீன் டாக்கோ: மாவில் தோய்த்துப் பொரித்த வெள்ளை மீன், நறுக்கிய முட்டைக்கோஸ், க்ரேமா என்ற புளிப்புப் பாலேடு, மேலே எலுமிச்சை. ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ் கடலோரத்து அல்பரீஞோவில் இருக்கும் புளிப்பும் உப்புச்சாயலும் இதற்கென்றே அளவெடுத்தவை. செலவு பார்த்தால் ஸ்பெயினின் நுரைக்கும் ஒயினான காவா போதும். அதன் குமிழ்கள் எண்ணெயைக் கழுவிவிடும்.

அல் பஸ்தோர் லெபனான் குடியேறிகள் கொண்டுவந்த சுழல்கம்பியில் பிறந்தது. குவாஹீயோவும் அச்சியோட்டேயும் தடவிய பன்றி இறைச்சி, உச்சியில் அன்னாசி. காரமும் பழ இனிப்பும் ஒரே கடியில் வருவதால் வறண்ட ஒயின் இங்கே முகம் சுளிக்கும். மோசெல் ஆற்றங்கரையின் ரீஸ்லிங் கபினெட்டில் எட்டு, ஒன்பது சதவீத ஆல்கஹால்தான் உண்டு. இனிப்பு இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிச் சாப்பிடும் புளிப்பும் இருக்கிறது. அன்னாசித் துண்டு பல்லில் படும்போது அதைக் குடித்துப் பார்க்கவேண்டும்.

கார்னிதாஸ் மிச்சோவகான் மாநிலத்துப் பெருமை. பன்றி இறைச்சியைப் பன்றிக் கொழுப்பிலேயே நிதானமாக வேகவைத்து, ஓரங்களை முறுகவிட்டு எடுப்பார்கள். இதற்கு நான் கைகாட்டுவது இத்தாலியின் லம்புருஸ்கோ, அதிலும் சோர்பாரா வகை. வெளிறிய சிவப்பு, நுரை, வெடுக்கென்ற புளிப்பு, ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டி. அது விளையும் எமிலியா பகுதி பன்றி இறைச்சிக்கும் கொழுப்புக்கும் பெயர்பெற்றது. கொழுப்போடு பிறந்து வளர்ந்த ஒயின் கார்னிதாஸைக் கண்டு மிரளாது. சிவப்பு ஒயின் குளிர்ந்து நுரைப்பதா என்று முகம் சுருக்குபவர்கள் ஒரு வாய் குடித்தபின் பேசட்டும்.

யுகதானின் கொச்சினீட்டா பிபில் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறி, வாழையிலையில் பொதிந்து வெந்து வரும். அது சாது. உடன்வரும் ஹபனேரோ சட்னிதான் வில்லன். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஹலபேனோ 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை. இந்த எல்லையில் ஆல்கஹாலைக் குறைப்பதும் குளிரவைப்பதும் மட்டும் போதாது, இனிப்பு வேண்டும். பிரான்சின் வூவ்ரேயில் விளையும் செனின் பிளாங்கின் அரை இனிப்பு வகை அங்கே காப்பாற்றும். ஆரஞ்சுப் புளிப்புக்கும் அது ஈடுகொடுக்கும்.

கடைசியாக மோலே நெக்ரோ என்ற கருங்குழம்பு. லாஸ் ஏஞ்சலிஸின் கொரியாடவுனில் ஓஹாகா மாநிலத்துக் குடும்பம் ஒன்று 1994-இல் தொடங்கிய கெலகெட்சா உணவகம், ஓஹாகா மோலேயை அமெரிக்க நாக்குகளுக்கு அறிமுகப்படுத்திய இடங்களில் முக்கியமானது. 2015-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் 'அமெரிக்கன் கிளாசிக்ஸ்' விருது பெற்றது. கருக வறுத்த மிளகாய், எள், கொட்டைகள், உலர்பழம், சாக்லெட் எல்லாம் கூடிய இந்தக் குழம்பில் உறைப்பைவிடக் கசப்பும் இனிப்பும் ஆழமும்தான் அதிகம். ஆல்கஹால் விதியை நான் தளர்த்தும் ஒரே இடம் இது. ஸ்பெயினின் அமோன்டியாடோ ஷெர்ரியைச் சிறு கோப்பையில் வைத்துக்கொண்டு குடித்தால், அதன் கொட்டை மணம் மோலேயின் எள்ளோடு போய்ச் சேரும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவில் சுட்ட டோர்ட்டியாவின் மண்வாசனையையும் அது மதிக்கத் தெரிந்த மது.

இவ்வளவு வெளிநாட்டுப் பெயர்கள் சொல்லியாயிற்று. மெக்சிகோவுக்கென்று ஒயின் இல்லையா? அமெரிக்கக் கண்டங்களிலேயே பழமையான ஒயின் பண்ணை மெக்சிகோவில்தான் இருக்கிறது. கோவாவிலா மாநிலத்தின் பர்ராஸில் 1597-இல் ஸ்பெயின் மன்னரின் நிலக்கொடையோடு தொடங்கிய அந்தப் பண்ணை, இன்று காசா மதேரோ என்ற பெயரில் நடக்கிறது. காலனியில் திராட்சை நன்றாக விளைவதைக் கண்டதும் தாய்நாட்டு வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது. புதிய கொடி நடத் தடை வந்தது. 1699-இல் தேவாலயத் தேவைக்கு அன்றி ஒயின் செய்யவே தடை வந்தது. ஒயின் மக்கள் வாயில் புகும் முன்பே பலிபீடத்தோடு நின்றுபோனது. சாதாரண மெக்சிகரின் மேசையை அகாவேக் கள்ளான புல்கேயும் மெஸ்காலும் பிறகு பியரும் பிடித்துக்கொண்டன. இன்றும் அங்கே ஒரு புட்டி ஒயின் மீது 26.5 சதவீதச் சிறப்பு வரியும் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் ஏறுகின்றன. தெருமுனைக் கடையில் ஒயின் இல்லாதது மெக்சிகரின் ரசனைக் குறை அல்ல, அரசர்களும் வரியும் சேர்ந்து செய்த வேலை.

மறுபிறவி நடந்தது எந்செனாடாவை ஒட்டிய பகுதியில். 1888-இல் சாந்தோ தொமாஸ் பண்ணை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாதலூபே பள்ளத்தாக்கில் குடியேறிய மொலோகன் என்ற ரஷ்யச் சமயப் பிரிவினரின் திராட்சை நடவு, 1928-இல் இத்தாலியர் ஆஞ்சலோ செட்டோ, 1987-இல் மோன்டே சானிக் என்று படிப்படியாக வளர்ந்தது. பின்னர் ஊகோ தக்கோஸ்டா என்ற ஒயின் வல்லுநர் உள்ளூர் விவசாயிகளும் தங்கள் திராட்சையைத் தாங்களே ஒயினாக்கக் கற்க ஒரு பள்ளி தொடங்கினார்; 'லா எஸ்குவெலீட்டா' என்பார்கள். மோன்டே சானிக் செய்யும் செனின்-கொலம்பார்ட் கலவை, மீன் டாக்கோவுக்கு அல்பரீஞோவோடு போட்டிபோடும். பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அங்கத்திய ஒயின்கள் பலவற்றில் அந்த உப்பின் நிழல் தட்டுப்படும். குறையென்று சொல்வார் உண்டு. எலுமிச்சையும் உப்பும் போட்டு உண்ணும் உணவுக்கு அது கூடுதல் பொருத்தம் என்பேன்.

இன்னும் பொருத்தமானது மிசியோன் திராட்சை. பாதிரியார்கள் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து வழிநெடுக நட்ட லிஸ்தான் பிரியேதோ என்ற வகை இது. சிலேயில் பயிஸ் என்றும் கலிபோர்னியாவில் மிஷன் என்றும் வழங்குவது இதே திராட்சைதான். நிறம் வெளிறியது, மேனி மெலிந்தது என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். தெகாத்தே ஊரில் பிச்சி என்ற சிறு பண்ணை பழைய கொடிகளைத் தேடிப் பிடித்து அதில் ஒயின் செய்கிறது. குளிரவைத்துச் சிவப்புச் சல்சாவோடு குடித்தால், நானூறு ஆண்டாக இது இந்த மேசைக்குத்தான் காத்திருந்ததோ என்று தோன்றும். அந்த மெலிவுதான் இங்கே அதன் பலம்.

எல்லைக்கு வடக்கேயும் ஒரு கதை உண்டு. 1942 முதல் 1964 வரை நடந்த பிரசேரோ என்ற தற்காலிகத் தொழிலாளர் திட்டத்திலும் அதற்குப் பின்னும் கலிபோர்னியாத் தோட்டங்களுக்கு வந்த மெக்சிகத் தொழிலாளர்களின் கைகளில்தான் நாபா, சொனோமா ஒயின் பகுதிகள் எழுந்தன. கொடி கவாத்து செய்து வாழ்வைத் தொடங்கிய ரெய்னால்டோ ரொப்லேடோவின் குடும்பம் 2003-இல் சொந்தச் சுவைக்கூடமே திறந்தது. பாத்திரம் கழுவிய கையால் ரொலாண்டோ எர்ரேரா மி சுவேஞோ பண்ணையைக் கட்டினார். 1999-இல் தொடங்கிய செஹா பண்ணைக்கு அமேலியா மொரான் செஹா தலைவரானார். காலையில் கொடியை நறுக்கியவர் மதியம் சாப்பிட வரும் டாக்கோ கடையில் அவர் கைபட்ட ஒயின் இல்லாததுதான் அந்த இருவரிப் பட்டியலின் பெரிய பிழை. இவர்களின் புட்டிகள் விலை கூடியவை, எல்லாக் கடைக்கும் கட்டாது. ஆனாலும் ஒன்றே ஒன்றைப் பட்டியலில் வைத்திருக்கும் முதலாளிமீது எனக்குத் தனி மரியாதை.

தேர்வு சரியாக இருந்தும் பரிமாறுவதில் கெடுபவை உண்டு. லேசான சிவப்பு 13, 14 டிகிரியில் வரவேண்டும். சமையலறைச் சூட்டில் அல்ல. திறந்த புட்டி மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. விற்காது என்று பயப்படும் கடைக்கு எஃகுப் பீப்பாய் நல்ல வழி. 19.5 லிட்டர், அதாவது 26 புட்டி ஒயின், காற்றுப் படாமல் பல வாரம் கெடாது. பியரைப் போலவே குழாயில் பிடித்துக் கொடுக்கலாம். நீள்காம்புக் கண்ணாடி வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதில்லை. கையெல்லாம் சல்சா ஒட்டியிருக்கும் இடத்தில் தடித்த சிறு டம்ளரே பத்திரம்.

இன்னொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லியாகவேண்டும். பேர் பெற்ற ஒரு புதுப்பாணி டாக்கோ கடையில் நாற்பது புட்டி கொண்ட பட்டியலை நீட்டினார்கள். எல்லாம் 'இயற்கை ஒயின்'. கலங்கலாக வந்த ஒன்று காடி வாடை அடித்தது. அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் வந்தது. புளித்துக் கெட்டதையும் எலுமிச்சைப் புளிப்பையும் ஒரே நாக்கு ஒரே நேரத்தில் தாங்காது. அங்கே ஒரு புட்டியின் விலையில் இருவர் மூன்று முறை சாப்பிடலாம். இருவரிப் பட்டியல் செய்த பிழையைத்தான் இதுவும் செய்கிறது: தட்டைப் பார்க்கவில்லை. ஒரு கோப்பை ஒயின் மூன்று டாக்கோ விலையைத் தாண்டினால், அது அந்தக் கடைக்கு உரிய ஒயின் அல்ல என்பது என் கணக்கு.

ஒரு கடையை எடைபோட மூன்று கேள்வி போதும். இந்தப் புட்டி என்று திறந்தது? இந்தச் சிவப்பு எங்கே வைத்திருந்தது? உங்களிடம் உள்ளதிலேயே உறைப்பான சல்சாவுக்கு எதைக் குடிக்கலாம்? மூன்றாவது கேள்விக்குப் பரிமாறுபவரின் முகம் மலர்ந்தால் பட்டியல் நல்லது. விலையுயர்ந்த புட்டியை அவர் விரல் காட்டினால் பேசாமல் பியர் சொல்லிவிடுங்கள். சில கடைகள் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு நாம் கொண்டுபோகும் ஒயினை அனுமதிக்கும். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, குளிர்ந்த லம்புருஸ்கோ ஒன்றை எடுத்துப் போங்கள். கார்னிதாஸ் வந்ததும் முதல் கோப்பையைக் கடை முதலாளிக்கு ஊற்றிக் கொடுங்கள். பட்டியலை மாற்ற இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.